கோடை வார இறுதியில் ஓட்டமும் ஆலயமும் குடும்பமும்: புதிய ஓட்டக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓட்டப் பயிற்சியைத் தொடங்கிச் சில மாதங்களே ஆனவருக்கு வார நாள்களில் பெரிய சிக்கல் எதுவும் வருவதில்லை. அரை மணி நேரம் ஓடி, குளித்து, வேலைக்குக் கிளம்பினால் அன்றைய பயிற்சி முடிந்தது. சிக்கல் வார இறுதியில்தான் தொடங்குகிறது, அதுவும் கோடையில். பிள்ளைகளுக்கு விடுமுறை, உறவினர் வருகை, நண்பர்களோடு வெளியே செல்லும் திட்டம், பாடகர் குழுவின் ஒத்திகை, ஞாயிறு காலைத் திருப்பலி அல்லது ஆராதனை ஆகிய அனைத்தும் கூடிவரும் அந்த இரண்டு நாள்களில்தான் வாரத்தின் நீண்ட ஓட்டத்துக்கும் இடம் தேட வேண்டியிருக்கிறது. வெயிலோ, ஓடத் தகுந்த நேரத்தைக் காலையின் முதல் சில மணி நேரமாகச் சுருக்கிவிடுகிறது. ஆலயம் கேட்பதும் அதே காலையைத்தான்.

நிற்காமல் முப்பது அல்லது நாற்பது நிமிடம் மெதுவாக ஓடக்கூடிய, வீட்டுப் பொறுப்பும் ஆலயப் பொறுப்பும் உடைய ஒருவரை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. இதில் சொல்லப்படும் எல்லா யோசனைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆராதனை நேரத்தை உங்களால் மாற்ற முடியாது. மற்றவர்கள் கூடும் நேரத்தை ஓரளவுதான் மாற்ற முடியும். முழுவதும் உங்கள் கையில் இருப்பது ஓட்டம் மட்டுமே. ஆகவே நகர வேண்டியதும் ஓட்டமே. ஓட்டத்தை அசைக்க முடியாத தூணாக நட்டு, வீட்டில் உள்ள எல்லாரையும் அதைச் சுற்றி வரச் சொல்பவர்கள் கோடை முடிவதற்குள் மனக்கசப்பைச் சம்பாதித்துக்கொள்கிறார்கள்.

வியாழக்கிழமை மாலையில் எழுதிவையுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு திட்டமிட்டால் காலம் கடந்துவிடும். அதற்குள் மற்றவர்கள் தங்கள் திட்டங்களை முடிவு செய்திருப்பார்கள். வியாழக்கிழமை மாலை ஒரு தாளை எடுத்து, முதலில் கடிகாரத்தோடு கட்டப்பட்டவற்றை எழுதுங்கள். ஆராதனை தொடங்கும் நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. வாசகம் வாசிக்கும் முறை உங்களுடையதாக இருந்தாலோ, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவராக இருந்தாலோ, பீடச் சிறுவராக உதவும் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தாலோ, மற்றவர்களை விட அரை மணி நேரம் முன்னதாக நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கோடை மாதங்களில் ஆராதனை நேரத்தை மாற்றும் சபைகளும் உண்டு. போன மாதத்து நேரத்தையே நம்பி இராமல், அறிவிப்பை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்ததாக மனிதர்களோடு கட்டப்பட்டவற்றை எழுத வேண்டும். உறவினர் வந்து சேரும் நேரம், நண்பரின் வீட்டு விழா, பிள்ளைகளுக்கு வாக்களித்த நீச்சல் ஆகியவை இந்த வகை. இந்த இரண்டு வகைகளும் எழுதி முடிந்த பிறகு தாளில் எஞ்சியிருக்கும் வெற்றிடத்தில்தான் ஓட்டத்தை எழுத வேண்டும். எழுதியதை வீட்டாரிடம் காட்டுவதும் இந்தப் படியின் பகுதியே. அவர்களைக் கேட்காமல் போட்ட அட்டவணை சனிக்கிழமை காலையிலேயே கிழிந்துவிடும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு ஓட்ட வரலாற்றிலேயே புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல், ஞாயிற்றுக்கிழமை போட்டியில் ஓடுவதில்லை என்ற உறுதி கொண்டவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்குப் பழக்கமான 100 மீட்டரின் தகுதிச் சுற்று ஜூலை 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அவர் அதில் கலந்துகொள்ளவில்லை. கடைசி நேரத்தில் எடுத்த முடிவு அது என்று பலரும் நினைக்கிறார்கள். போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதங்களை அவர் 400 மீட்டருக்குத் தயாராவதில் செலவிட்டார். 200 மீட்டரில் வெண்கலமும், ஜூலை 11ஆம் நாள் நடந்த 400 மீட்டர் இறுதிப் போட்டியில் 47.6 வினாடியில் தங்கமும் பெற்றார். நம் வார இறுதி ஒலிம்பிக் போட்டி இல்லை என்றாலும், அட்டவணையை முன்னதாகப் பார்த்து ஓட்டத்தை மாற்றிக்கொள்ளும் அந்த வழி நமக்கும் பொருந்துகிறது.

ஐம்பது நிமிட ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

புதியவர்களின் திட்டம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தவறுகிறது. "ஐம்பது நிமிடம் ஓடிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் இரண்டு மணி நேரம் கழித்தும் தயாராகாமல் இருப்பதைப் பார்த்து வீட்டில் எரிச்சல் எழுவது இயல்புதான். எழுந்து, தண்ணீர் குடித்து, காலைக்கடன் முடித்து, உடை மாற்ற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். உடலைத் தயார்படுத்தும் நடைக்கு எட்டு நிமிடமும், ஓட்டத்துக்கு ஐம்பது நிமிடமும், முடித்த பின் நடந்து மூச்சைச் சீராக்கப் பத்து நிமிடமும் வேண்டும். வெயில் காலத்தில் உடல் சூடு தணியப் பதினைந்து முதல் இருபது நிமிடம் காத்திருந்துதான் குளிக்க வேண்டியிருக்கும். குளித்து உடுத்த இன்னும் இருபது நிமிடம் என்று கூட்டினால், ஐம்பது நிமிட ஓட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. தொலைவில் உள்ள பூங்காவுக்கு வண்டியில் போய்வருவதாக இருந்தால் அந்த நேரமும் இதில் சேரும். பரபரப்பான வார இறுதிகளில் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கும் பாதை சலிப்பாக இருந்தாலும் அதுவே போதும்.

வீட்டில் சொல்லும்போது ஓடும் நேரத்தைச் சொல்லாதீர்கள். குளித்து முடித்துத் தயாராக நிற்கும் நேரத்தைச் சொல்லுங்கள். முந்தைய இரவே ஓட்ட உடை, காலுறை, சாவி, தண்ணீர்க் குப்பி ஆகியவற்றை ஓர் இடத்தில் வைத்துவிட்டால், இருட்டில் அலமாரியைத் திறந்து மூடி மற்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. ஆலயத்துக்கு உடுத்தப் போகும் உடையையும் அன்றிரவே இஸ்திரி போட்டு வைத்துவிட வேண்டும். உடல் சூடு தணியாத நிலையில் இஸ்திரிப் பெட்டியின் முன் நிற்பது வேண்டாத வேதனை.

சனியா, ஞாயிறா?

தேர்வு உங்கள் கையில் இருந்தால் நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலைக்கு ஒரு முடிவு நேரம் இருக்கிறது; சனிக்கிழமைக்கு அப்படிப் பொதுவாக இருப்பதில்லை. வழியில் காலணிக்கயிறு அறுந்தாலும், களைப்பில் கடைசிப் பகுதியை நடந்தே கடக்க வேண்டி வந்தாலும், யாரும் உங்களுக்காக ஆலய வாசலில் காத்திருக்க மாட்டார்கள்.

கூட்டமாக ஓடப் பழக விரும்புகிறவர்களுக்கும் சனிக்கிழமையே வசதி. 2004 அக்டோபர் 2ஆம் நாள் லண்டனின் புஷி பூங்காவில் 13 ஓட்டக்காரர்களோடு தொடங்கி, இன்று பல நாடுகளில் நடக்கும் பார்க்ரன் என்னும் 5 கிலோமீட்டர் ஓட்டம் சனிக்கிழமை காலைகளில்தான் நடக்கிறது. கட்டணம் கிடையாது, நடந்தே முடிப்பவர்களுக்கும் இடம் உண்டு. எல்லாருக்கும் கடைசியாக வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் நடந்து வருவதால், பங்கேற்பவர் எவரும் கடைசி ஆளாக வந்து கூச்சப்பட வேண்டியதில்லை. உங்கள் ஊரில் அது இல்லை என்றாலும் பெரும்பாலான ஓட்டக் குழுக்கள் சனியிலோ ஞாயிறிலோ கூடுகின்றன. சனியில் கூடும் குழுவைத் தேர்ந்தெடுப்பது ஆலயத்துக்குச் செல்பவருக்குப் பின்னாளில் பல தர்மசங்கடங்களைத் தவிர்க்கும்.

சனிக்கிழமை முழுவதும் குடும்ப நிகழ்ச்சிக்குப் போய்விட்டால் கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1248ஆம் எண் சட்டப்படி, சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்பவர் ஞாயிறு கடமையை நிறைவேற்றியவராகிறார். அப்படிச் சென்றுவிட்டால் ஞாயிறு காலை ஓட்டத்துக்குக் கிடைக்கும். ஆனால் குடும்பத்தில் மற்றவர்கள் ஞாயிறு காலை ஒன்றாக ஆலயத்துக்குச் செல்லும்போது ஒருவர் மட்டும் ஓட்டத்துக்காக ஒவ்வொரு வாரமும் பிரிந்து செல்வது சரியாக இருக்காது என்பது என் கருத்து. எப்போதாவது ஒரு முறை பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வசதி அது.

மாலை ஓட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். கோடையில் மாலை ஆறு மணிக்கும் தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். பெருநகரங்களில் தரைமட்ட ஓசோன் வாயுவின் அளவும் பிற்பகலில் உயர்ந்து மாலையில்தான் குறையத் தொடங்கும். வேறு வழியே இல்லாத நாளில் சூரியன் மறைந்த பிறகு, மரங்களும் மண்பாதையும் உள்ள இடத்தில் ஓடலாம்.

வார நாள்களில் ஓடவே முடியாதவர்கள், இரண்டு நாள் மட்டும் ஓடினால் பயன் உண்டா என்று கேட்பதுண்டு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பிரிட்டனில் ஏறத்தாழ 90,000 பேர் மணிக்கட்டில் கட்டிய கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்துக்கான அசைவில் பாதிக்கு மேல் ஓரிரு நாள்களிலேயே செய்பவர்களுக்கும் இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றின் அபாயம், நாள்தோறும் பகிர்ந்து செய்பவர்களைப் போலவே குறைவாக இருந்ததாகக் கண்டது. அதற்காக, உட்கார்ந்தே இருந்த ஐந்து நாள்களின் கணக்கைச் சனிக்கிழமை வெயிலில் ஒரே மூச்சில் தீர்க்கப் பார்க்கக் கூடாது.

வெயிலை எப்படிக் கையாள்வது?

உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்குப் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த நாள்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையில் வெளியேறும் உப்பும் குறைகிறது. எனவே கோடையின் முதல் இரண்டு வாரங்களில் நீண்ட ஓட்டத்தைச் சுருக்குங்கள். குளிர்ச்சியான பகுதியிலிருந்து வெப்பமான ஊருக்கு விடுமுறைக்குச் சென்ற முதல் வார இறுதியும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

வெப்பத்தில் இதயத்துக்கு இரட்டை வேலை. தசைகளுக்கு அனுப்பும் இரத்தத்தோடு, சூட்டை வெளியேற்றுவதற்காகத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு ஏறுகிறது. ஆகவே குளிர் மாதத்தில் ஓடிய வேகத்தை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டு, பேச்சைக் கவனியுங்கள்: முழு வாக்கியம் ஒன்றைத் தடங்கலின்றிச் சொல்ல முடிந்தால் வேகம் சரி, மூன்று நான்கு சொற்களுக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம்.

நாளின் குறைந்த வெப்பம் சூரியன் உதிக்கும் வேளையை ஒட்டித்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் அதிகமாக இருப்பதும் அப்போதுதான். ஈரப்பதம் மிகுந்த காலையில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிப்போகும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை; ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கிறது. அதனால் வெப்பமானி காட்டும் எண் குறைவாக இருக்கிறதே என்று நம்பி வேகமெடுத்துவிடக் கூடாது. அப்படியிருந்தும் அதிகாலையே சிறந்தது, ஏனெனில் நேரடி வெயில் தலையில் விழுவதில்லை. எட்டு மணிக்குப் பிறகு தொடங்க நேர்ந்தால் நிழல் உள்ள குறுகிய சுற்றுப் பாதையைத் தேர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் வீட்டு வாசலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் செல்லலாம். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சூரியக் காப்புக் களிம்பைக் கிளம்புவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பாகப் பூச வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் அளவு எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்கான அளவை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஓடுவதற்கு முன்பும், ஓடி முடித்து வியர்வையைத் துடைத்த பிறகும் குறைந்த உடையில் எடை பாருங்கள். முன்பு 68.0 கிலோ, பின்பு 67.2 கிலோ, இடையில் குடித்தது 300 மில்லிலிட்டர் என்றால், இழந்தது ஏறத்தாழ 1.1 லிட்டர். இது ஐம்பது நிமிட ஓட்டம் என்றால் மணிக்கு 1.3 லிட்டர் என்ற வீதத்தில் வியர்க்கிறது. அதை முழுவதும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்தில் தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். மிச்சத்தை அடுத்த சில மணி நேரத்தில் உணவோடு சேர்த்துக் குடித்துவிடலாம்.

மறுபுறம், பயந்து அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு உப்புச்சத்தான சோடியம் இயல்பு அளவுக்குக் கீழே இருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம் இது அதிகமாகக் காணப்பட்டது. ஓடியபின் எடை கூடியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டும் என்றால், அது அடுத்த சில வரிகள்தாம். வெயிலில் ஓடுபவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், எரிந்து விழுந்தால், தான் இருக்கும் இடம் தெரியாமல் குழம்பினால், அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டியிருக்கலாம். வியர்வை நின்றுபோனால்தான் வெப்பத்தாக்கம் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஓடும்போது ஏற்படும் வெப்பத்தாக்கத்தில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல், கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமர்த்துங்கள். தலை நீரில் மூழ்காதபடி ஒருவர் உடனிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். முதலில் குளிர்விப்பதும் பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் என்பதே விளையாட்டு மருத்துவம் வகுத்துள்ள வரிசை. இரத்த அழுத்தம், ஒவ்வாமை ஆகியவற்றுக்கான மருந்தோ சிறுநீரைப் பெருக்கும் மருந்தோ உட்கொள்பவர்கள் கோடை ஓட்டம் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓடிய காலையில் ஆலயத்துக்குச் செல்லுதல்

ஞாயிறு காலை ஓடித்தான் ஆக வேண்டுமென்றால் இருபத்தைந்து முப்பது நிமிட மெதுவோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஆலயத்துக்குக் கிளம்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக ஓட்டம் முடிந்திருக்க வேண்டும். இந்த இடைவெளி அதிகம் என்று தோன்றலாம். ஆனால் ஓடி முடித்த உடனே குளித்து, உடை மாற்றி, ஆலய இருக்கையில் போய் அமர்ந்தவுடன் முதுகில் மறுபடியும் வியர்வை வழிந்து சட்டை ஒட்டிக்கொள்வதை அனுபவித்தவர்கள் இதை ஏற்பார்கள். குளியல் தோலைத்தான் குளிர்விக்கிறது; தசைகளில் தங்கிய சூடு மெல்லத்தான் வெளியேறும். முதலில் நிழலிலோ மின்விசிறிக்கு அடியிலோ கால் நீட்டி அமர்ந்து, தண்ணீர் குடித்து, நெற்றி வியர்வை அடங்கிய பிறகு குளியுங்கள். குளித்த பின்னும் ஆலயச் சட்டையைக் கிளம்பும்போதுதான் போட வேண்டும். ஓடிய பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் இறுக்கமான புதுக் காலணியை அன்று தவிர்ப்பது நல்லது.

ஆலயத்தில் மயங்கி விழுவது கோடையில் அரிதான செய்தியன்று. ஓட்டத்துக்குப் பின் ஓரிரு மணி நேரம் இரத்த அழுத்தம் வழக்கத்தை விடக் குறைந்திருக்கும். தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்க, உடலில் நீரும் குறைந்திருக்க, நீண்ட மன்றாட்டின்போது அசையாமல் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, தலைக்குப் போகும் அளவு குறைந்துவிடும். நெடுநேரம் முழந்தாளிட்டிருந்து சட்டென்று எழும்போதும் இதே நிலை ஏற்படும். நிற்கும்போது குதிகாலை யாரும் கவனிக்காதபடி மெல்ல உயர்த்தி இறக்கி, கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்திக்கொண்டிருங்கள். அந்தத் தசை சுருங்கும்போதெல்லாம் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. பார்வை மங்கினாலோ காதில் இரைச்சல் கேட்டாலோ உடனே உட்கார்ந்துவிட வேண்டும். எல்லாரும் நிற்கும்போது உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள் என்று தயங்குபவர்தான் இருக்கைகளுக்கு நடுவே விழுந்து எல்லாரையும் பதறவைக்கிறார்.

நற்கருணைக்கு முந்தைய உபவாசம் குறித்தும் புதியவர்களுக்குக் குழப்பம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் 919ஆம் எண் சட்டம், நற்கருணை உட்கொள்வதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பிருந்து உணவையும் பானங்களையும் தவிர்க்கச் சொல்கிறது. தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. ஓடிவிட்டு வந்தவர் தண்ணீர் குடிக்கத் தயங்கவே வேண்டாம். திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணாமல், நற்கருணை நேரத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ஆனால் சர்க்கரை கலந்த விளையாட்டுப் பானம் தண்ணீர்க் கணக்கில் சேராது. கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகளில் நள்ளிரவிலிருந்தே உணவையும் நீரையும் தவிர்ப்பது வழக்கமாதலால், அந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பவர்கள் கோடை ஞாயிறு காலையில் ஓடவே கூடாது. அவர்களுடைய ஓட்டம் சனிக்கிழமைக்கு உரியது.

கைக்கடிகாரத்தையும் கவனத்தில் கொள்ளுங்கள். நீங்கள் ஒரு மணி நேரமாக அசையாமல் இருப்பதைக் கண்டு, "எழுந்து நடக்கவும்" என்று மறையுரையின் நடுவே கீச்சிட்டு நினைவூட்டும் கடிகாரங்கள் இருக்கின்றன. கைப்பேசியை மௌனமாக்கியவர்கள்கூட இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அன்று கடிகாரம் வீட்டிலேயே இருக்கட்டும்.

குடும்பத்தோடு நேரத்தைப் பகிர்தல்

காலையில் இரண்டு மணி நேரம் நீங்கள் இல்லாதபோது பிள்ளைகளையும் பெரியவர்களையும் யாரோ பார்த்துக்கொள்கிறார். பெரும்பாலும் அது உங்கள் வாழ்க்கைத்துணை. அதற்கு ஈடாக, வார இறுதியிலேயே அதே அளவு நேரத்தை அவருக்குத் தனியே ஒதுக்குங்கள். அதை அவர் உறங்கியும் கழிக்கலாம், சும்மா இருந்தும் கழிக்கலாம். வியாழக்கிழமைத் தாளில் அந்த நேரத்தையும் எழுத வேண்டும். எழுதாத வாக்குறுதி ஞாயிறு மாலைக்குள் மறந்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, ஓடி வந்த களைப்பைச் சொல்லிப் பகல் முழுவதும் சாய்வு நாற்காலியில் கிடக்காமல் இருப்பது. மதியத்துக்குள் எழுந்து வேலைகளில் கைகொடுக்க முடியாத அளவுக்கு ஓர் ஓட்டம் உங்களைக் களைப்பாக்கினால், அந்த ஓட்டம் உங்கள் இப்போதைய வலிமைக்கு அதிகம்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால் நீண்ட ஓட்டத்தில் சேர்க்காதீர்கள். அவர்கள் நூறு மீட்டர் பாய்ந்து ஓடுவார்கள், பிறகு ஓர் எறும்புப் புற்றின் முன் ஐந்து நிமிடம் நிற்பார்கள். அவசரப்படுத்தினால் இரு தரப்புக்கும் கோபம்தான் மிஞ்சும். உங்கள் ஓட்டத்தை முடித்துவிட்டு, கடைசித் தளர்வு நடையின்போது அவர்களை மிதிவண்டியோடு வரச் சொல்லலாம். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓட விரும்புபவர்கள், தலையும் கழுத்தும் உறுதிப்படும் வரை, குறைந்தது ஆறு மாதமாவது பொறுத்திருந்து, குழந்தை மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். வெயிலைத் தடுப்பதற்காக வண்டியைத் துணியால் மூடினால் உள்ளே சூடு பெருகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நண்பர்கள்: சேர்ந்து ஓடுவதும் சேர்ந்து அமர்வதும்

வெவ்வேறு வேகமுள்ள நண்பர்கள் சேர்ந்து ஓட எளிய வழி ஒன்று உண்டு. எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தொடங்கி, அவரவர் வேகத்தில் இருபத்தைந்து நிமிடம் ஓடுங்கள். மணி அடித்ததும், நிற்கும் இடத்திலிருந்தே எல்லாரும் திரும்பி அதே வேகத்தில் வாருங்கள். வேகமாக ஓடுபவர் அதிகத் தூரம் போயிருப்பார், மெதுவாக ஓடுபவர் குறைந்த தூரம் போயிருப்பார், ஆனால் தொடங்கிய இடத்துக்கு எல்லாரும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து சேர்வார்கள். தூரத்தை முன்கூட்டி முடிவு செய்து ஓடும் குழுக்களில் புதியவர் பின்தங்கி, மற்றவர்களைக் காக்கவைத்துவிட்டோமே என்று தன் சக்திக்கு மீறி ஓடும் ஆபத்து இதில் இல்லை.

சனிக்கிழமை இரவுச் சந்திப்புதான் ஞாயிறு காலையைப் பெரும்பாலும் கெடுக்கிறது. வரும்போதே கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிட்டால் இடையில் எழுவது எளிது. மது அருந்துபவர்கள் மறுநாள் காலை வெயிலில் ஓடுவதைக் கைவிட வேண்டும். நீரிழப்பும் தூக்கக் குறைவும் சேர்ந்த உடல் வெப்பத்தைத் தாங்காது. ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால், விழிப்பு மணியை ஓட்டத்துக்காக வைக்காமல் ஆராதனைக்காக வைத்துக்கொண்டு உறங்குங்கள்.

ஒரு மாதிரித் திட்டம்

சூரியன் 5.45 மணிக்கு உதிக்கும் ஊர், ஞாயிறு ஆராதனை 9 மணிக்கு, சனிக்கிழமை மாலை பாடகர் ஒத்திகை, இரவு நண்பர் வீட்டில் சந்திப்பு என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குள் உறங்கியவர் சனிக்கிழமை 5.15க்கு எழுந்து, 5.45க்கு ஓடத் தொடங்கி, 6.35க்கு முடித்து, 7.30க்குள் வீட்டாரோடு காலை உணவுக்கு அமர்ந்துவிடலாம். பகல் முழுவதும் குடும்பத்துக்கு உரியது. பிற்பகலில் அரை மணி நேரம் படுத்தால் இரவுச் சந்திப்பில் கொட்டாவி விட வேண்டியிருக்காது. ஒத்திகை 5 மணிக்கு, நண்பர் வீடு 7 மணிக்கு, கிளம்புவது 9.30க்கு. ஞாயிறு காலை 6 மணிக்கு விருப்பமிருந்தால் இருபத்தைந்து நிமிடம் நடைபோல மெதுவாக ஓடலாம், இல்லாவிட்டால் அதை விட்டுவிடலாம். 8.30க்கு எல்லாரும் ஒன்றாகக் கிளம்புகிறீர்கள். ஆராதனை முடிந்து வந்த பிறகு இரண்டு மணி நேரம் வாழ்க்கைத்துணைக்கு. பிள்ளைகள் உங்கள் பொறுப்பு.

திட்டம் குலைந்தால் எதை விடுவது?

பல வார இறுதிகளில் இந்தத் திட்டம் அப்படியே நடக்காது. விருந்தினர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுவார், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், இரவு முழுவதும் மின்சாரம் இருக்காது. அப்போது முதலில் விட வேண்டியது ஞாயிறு மெதுவோட்டம். அடுத்து, சனிக்கிழமை ஓட்டத்தின் நீளத்தைப் பாதியாக்குங்கள். இருபத்தைந்து நிமிடம் ஓடியதும் ஓட்டமே. அதற்கும் வழியில்லை என்றால் அந்த வாரத்தை ஓட்டமில்லாத வாரமாக ஏற்றுக்கொள்ளலாம். ஒரு வார இடைவெளியால் இத்தனை மாத உழைப்பு வீணாகிவிடாது.

விட்டுப்போன தூரத்தை அடுத்த வாரத்தோடு கூட்டி ஓடக் கூடாது. நாற்பது நிமிடம் பழகியவர் ஒரு வாரம் விட்டதற்காக அடுத்த சனிக்கிழமை எழுபது நிமிடம் ஓடினால், கெண்டைக்காலும் முழங்காலும் அந்தத் திடீர்ச் சுமையை ஏற்காமல் பல வாரங்களுக்கு உங்களை உட்கார வைத்துவிடும். வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு வெயிலில் ஓடுவதும் வேண்டாம். நீரிழந்த உடலில் இபுப்ரோஃபென் போன்ற மருந்துகள் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. விட்ட வாரத்துக்கு முந்தைய வாரம் எத்தனை நிமிடம் ஓடினீர்களோ, அதே நிமிடத்திலிருந்து அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகத் தொடருங்கள். அடுத்த வியாழக்கிழமைத் தாளிலும் அந்த எண்ணையே எழுதுங்கள்.